மரகதம் தொலைக்காத நாவல்

மரகதம் இறந்துபோன செய்தி வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது நிம்மதி. இதைச் சொல்லாமல் அடுத்த வரி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. துக்கமும் வந்தது. ஆனால் அது பின்னால், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியபோதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நம் வாசகர் வட்டத்தின் வாட்சப் குழுவில் வழக்கம்போல் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே செயலாளர் வரதராஜன் ஒரு வரி போட்டிருந்தார்: 'கம்ப்யூட்டர் மரகதம் இன்று விடியற்காலை மாரடைப்பில் காலமானார்.' ரோஜாவுக்குப் போட வேண்டிய கட்டைவிரலை யாரோ இரண்டு பேர் அவசரத்தில் இதற்குப் போட்டிருந்தார்கள். நான் இட்லித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'இனிமேல் அந்த விஷயம் தெரிந்தவர் யாருமில்லை' என்று நினைத்தேன். நினைத்துவிட்டு அந்த இட்லியையும் சாப்பிட்டேன்.

எந்த விஷயம் என்பதைச் சொல்லத்தான் நம் வட்டத்தின் இதழுக்கு இதை எழுதுகிறேன்.

நம் வட்டத்தில் மரகதத்தின் கை படாத கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் குறைவு. பிள்ளையார்பாளையத்தில், உள்ளே கணவர் ஏகாம்பரத்தின் தறி ஓட, முன்னறையில் அவருடைய கடை. 'பழையதிலிருந்து புதியதற்கு மாற்றித் தரப்படும்' என்று வாசலில் ஒரு பலகை. எதை மாற்றித் தருவார் என்று பலகையில் இல்லாததால், ஆரம்பத்தில் இரண்டொரு பெண்கள் பழைய பட்டுப்புடவையோடு வந்து நின்றார்களாம். அவர்களையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஜரிகைக்காகப் பழைய புடவையை விலைக்கு எடுக்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். பலகையை மட்டும் மாற்றவில்லை. "நாலு பேரு வந்து போனாத்தான் சார் கட," என்பார்.

என் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால். என் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுக் குளித்து வந்தாலும் அது எழுந்திருக்காது. சாப்பிட்டு வந்தால் ஒருவேளை எழுந்திருக்கும். ஒருவழியாகப் புதுசு வாங்கினேன். மரகதம் வந்ததும் பழைய பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? பொங்கலுக்கு ஒட்டட அடிக்கறப்ப இதுக்குப் பின்னாடி மட்டும் வுட்டுடுவீங்களா?"

என் மனைவிக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போயிற்று.

கைப்பையிலிருந்து பட்டு நூல் துணுக்குகளை எடுத்தார். ஏகாம்பரத்தின் தறியில் மிஞ்சியவை. ஒவ்வொரு ஒயரையும் பிடுங்குவதற்கு முன்னால் அதன் கழுத்தில் ஒரு நிற நூலைக் கட்டுவார். புதுப்பெட்டியில் அது போய்ச் சேர வேண்டிய துளைக்குப் பக்கத்தில் அதே நிற நூலில் ஒரு துண்டை ஒட்டுவார். கீபோர்டுக்கு மயில்கழுத்து, ஸ்பீக்கருக்கு மாம்பழ மஞ்சள், பிரிண்டருக்கு அரக்கு. காஞ்சிபுரத்தில் கல்யாணப் பெண்ணுக்கு அடுத்தபடி அன்றைக்குப் பட்டு உடுத்தியது என் பிரிண்டர்தான். பழைய மவுஸின் உருண்டை முனை மட்டும் புதுப்பெட்டியில் எங்கேயும் நுழையவில்லை. "கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன்," என்றேன்.

"மாப்ள வூட்டுக்காரங்க வேணாங்கறாங்க. நாம எதுக்கு சார் அழுத்தணும்?" என்று அதைச் சுருட்டித் தனியே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அவருடைய உண்மையான வேலை ஆரம்பமாகும். நோட்டை விரித்துக்கொண்டு ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் வாய்விட்டுப் படிப்பார். அது புதுப்பெட்டிக்குள் போனதும் நோட்டில் எழுதி ஒரு டிக் போடுவார். கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்ததற்குப் போகமாட்டார். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"போடலாம் சார். மூட்டையிலேர்ந்து ஒண்ணு வழியில வுழுந்தா யாருக்குத் தெரியும்?"

அவருடைய அம்மா தறிவீடுகளுக்குப் போய்ப் பாவு பிணைத்தவர். தறியில் பழைய பாவு தீரும் சமயத்தில், அதன் நுனியோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள். ஓர் இழை விட்டுப்போனாலும் புடவை முழுக்க ஒரு கோடு விழும். "மொதல்ல முடிச்சு, அப்பறந்தான் கத்தரின்னு அம்மா சொல்லும் சார். நானும் அத்தத்தான் செய்யறேன். சாம்பல் மட்டும் தொடறதில்ல."

அப்படி அன்றைக்கு என் எழுத்துலகம் ஊரறிய வாசிக்கப்பட்டது. 'கட்டுரை.' ஆச்சு. 'கட்டுரை புதுசு.' ஆச்சு. 'கட்டுரை புதுசு கடைசி.' ஆச்சு. 'கட்டுரை கடைசிக்குக் கடைசி.' மரகதம் தலை நிமிராமல் சொன்னார்: "ஒரே கொழந்தைக்கு நாலு பேரு வச்சிருக்கீங்க சார்."

அடுத்ததாக, 'நாவல்' என்று படித்தார். நான் அவசரமாக "ஆச்சு" என்றேன். அவர் கை நின்றது.

"இன்னா சார், நாவலுங்கறீங்க, மளிக லிஸ்ட்ட வுட சின்னதா இருக்குது?"

"அது முகப்பு மட்டும்மா. மிச்சம் உள்ளே வேற எடத்துல இருக்கு. அதுவும் தானா வந்துடும்."

நண்பர்களே, மிச்சம் எந்த இடத்திலும் இல்லை. ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருப்பதாக உங்கள் எல்லோரிடமும் நான் அளந்துவந்த பெருநாவலில் இருந்தது ஒரு தலைப்பு, முக்கால் பக்கத்துக்குச் சமர்ப்பணம், முதல் அத்தியாயத்தில் இரண்டரை வரி. மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "சரி சார்," என்று டிக் போட்டார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வரதராஜன் மேடையில் எழுந்து, "ஓய், ஆறு வருஷமா ஊறப்போட்டது போதும். அடுத்த கூட்டத்திலே முதல் அத்தியாயம் வாசிக்கறீர். பேனருக்குச் சொல்லியாச்சு," என்று அறிவித்தார். கைதட்டினீர்கள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. திறந்தேன். "நாவல் போயிடுத்து. கம்ப்யூட்டர் மாத்தறப்போ அழிஞ்சுபோச்சு," என்று வந்தது.

மரகதத்தின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் மாற்றுகிறவர் யார் என்று கேட்டால் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர்கூடச் சொல்வார். மறுநாள் காலை வரதராஜன் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அல்லவா, விசாரணை அவருக்குக் கைவந்த கலை.

"ஏம்மா மரகதம், ஒரு எழுத்தாளனோட ஆறு வருஷத்தை எங்கம்மா கொட்டினே?"

மரகதம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரில் அன்றைய ராகுகாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தறிச் சத்தம்கூட நின்றுவிட்டது.

"வேற எடத்துல இருக்குதுன்னு சார் சொன்னாரு," என்றார் மெதுவாக. "நான்தான் பாக்காம வுட்டிருப்பேன். என் கையிலதான் சார் போச்சு."

"பெருமாளே, ஒரு காவியம் போச்சே!" என்று வரதராஜன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் அப்போது ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவன், அந்த ஒன்று மட்டும் வரவில்லை. என் மானத்தைக் காப்பாற்ற இந்தப் பெண் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டாள் என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். அந்தக் கும்பிடும் வெளியே தெரியாதபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எனக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். நாவலை எழுதியிருந்தால் அதிகபட்சம் முப்பது பேர் படித்து, இருபது பேர் குறை சொல்லியிருப்பார்கள். தொலைத்தபடியால் அது ஊரின் ஒப்பற்ற நாவலாகிவிட்டது. என் இழப்புக்கு ஆறுதலாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டீர்கள். எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். அதை இன்றும் மார்கழியில் போர்த்திக்கொள்கிறேன், நல்ல கனம். மரகதத்துக்குக் கிடைத்தது வேறு. 'அந்தம்மாகிட்ட குடுத்தா நாவலையே முழுங்கிடும்' என்று ஒரு வேடிக்கைப் பேச்சு டீக்கடைகளில் ஓடியது. வரதராஜன் தன் மடிக்கணினியை வேறு கடைக்குக் கொண்டுபோனார். நம்மில் இன்னும் சிலரும் போனீர்கள். மரகதம் அன்றிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு முறை எண்ண ஆரம்பித்தார். சொந்தக்காரரும் இரண்டு முறை "ஆச்சு" சொல்ல வேண்டும். போன பெயரை மீட்கக் கெட்டிக்காரத்தனமாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று நான் மெச்சிக்கொண்டேன்.

வரதராஜன் இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தார். வேறு கடையில் 'ஒரே மாதிரி இருக்கிறது' என்று அவருடைய கருடசேவைப் படங்களில் பாதியை அழித்துவிட்டார்களாம். மரகதம் மிச்சத்தை ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தார். எல்லாம் ஒரே படம்தானே என்று நான் கேட்டதற்கு, "குப்பையா இல்லியான்னு வச்சவங்களுக்குத்தான் சார் தெரியும். பெருமாளு ஒவ்வொரு தரமும் வேற மாதிரிதான் பாக்கறாரு," என்றார். வரதராஜன் அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் அதற்குப் பிறகு மூன்று கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வேலை முடிந்து காபி குடிக்கும்போது ஒரு கேள்வி கேட்பார்: "சார், மிச்சம் வேற எடத்துல இருக்குதுன்னீங்களே, அது எந்த எடம்? கொஞ்சம் நெனச்சுப் பாருங்களேன்." குத்துகிறார் என்று நினைத்து நான் வாய்விட்டுச் சிரிப்பேன். அவரும் கூடச் சிரிப்பார். இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் இத்தனை வருஷம் காபி டம்ளரோடு சுகமாக உட்கார்ந்திருந்தது. இவ்வளவு பெருந்தன்மையான ஒரு கூட்டாளி என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை.

ஆகவே இப்போது சொல்கிறேன். மரகதம் எந்த நாவலையும் தொலைக்கவில்லை. நாவல் இருக்கவில்லை. அந்த அம்மாள் வாழ்நாளில் ஓர் இழைகூட விட்டதில்லை. அவர் இருக்கும்போதே இதை ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லாதவன் இப்போது சொல்வது பெரிய வீரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். சால்வையைத் திருப்பிக் கேட்டால் தருகிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை: ஒயர்களின் கழுத்தில் வெளுத்துப்போன சில நூல்கள், என் அசட்டுத் தலைப்புகளை ஒன்றுவிடாமல் எழுதி டிக் போட்ட நாலு நோட்டுத்தாள்கள், எதைக் கைவிடும்போதும் காதில் ஒலிக்கிற 'மொதல்ல முடிச்சு' என்ற குரல்.

இதுவரை எழுதிவிட்டு, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஏகாம்பரத்திடம் படித்துக்காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று நேற்று பிள்ளையார்பாளையம் போனேன். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். நாவல் வருகிற இடத்தில் மட்டும் ஒருமுறை நிறுத்தச் சொல்லித் திரும்பப் படிக்கச் சொன்னார்.

"அப்ப நாவலே இல்லியா சார்?"

"இல்ல ஏகாம்பரம். மரகதத்துக்குத்தான் அது தெரியுமே."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க வூட்டம்மாகிட்ட கேட்டு அந்தப் பழைய பொட்டியிலேர்ந்து டிஸ்க்க அப்பவே வாங்கியாந்துட்டா சார். போன நாவலு அதுலதான் எங்கியோ ஒளிஞ்சிக்கினு இருக்குதுன்னு சொல்லிக்கினே இருப்பா. போன மாசம் கூட ஒரு நா பூரா மாட்டித் தேடிக்கினு இருந்தா."