செலின் தன் பெயரை அடித்த நாள்

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் பஸ் நகராமல் நின்றபோது செய்தி வந்தது: எங்கள் ஆய்வகத்தில் என்னோடு பதினாறு வருடம் வேலை பார்த்த செலின் காலமாகிவிட்டார். இறங்கி நடந்துவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அடக்கத்தன்று கேட்டீர்கள், கருவின் நொதிகளைப் பற்றிய என் கட்டுரையில் செலின் பெயர் ஏன் இல்லை என்று. “அவங்களுக்குப் பேர்ல ஆசை இல்லீங்க” என்றேன். பொய். அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு ஏழாம் வாரத்தில் கரு தானாகக் கலைந்தது. அதை ஆய்வுக்குக் கேட்டு வாங்கியவர் செலின். சம்மதம் வாங்கி உறையவைத்த பிறகும், வெட்டும் முன் இன்னொரு முறை கேட்பது அவர் வழக்கம். எனக்கோ எரிச்சலாக இருக்கும்.

“என் புள்ளைய வெச்சி என்னங்க பண்ணுவீங்க?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“எப்படி வளர ஆரம்பிச்சுதுன்னு பாப்போங்க. வீணாக்க மாட்டோம்” என்றார் செலின்.

குடல் திசுவை மெல்லியதாகச் சீவிச் சாயமேற்றினோம். நொதி வேலை செய்யும் இடம் சிவக்கும். ஒரு சீவலை மட்டும் முன்பே சூடாக்கி நொதியைக் கொன்றுவிடுவோம். அது சிவக்கக் கூடாது. ஆனால் அந்த முறை அதுவும் சிவந்துவிட்டது. அப்படியானால் மற்றவற்றில் கண்ட சிவப்பையும் நம்ப முடியாது. மறுபடி செய்து பார்க்கத் திசுவும் இல்லை.

கட்டுரையில் அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. “வீணாக்க மாட்டோம்னு நீங்கதானே அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னீங்க?” என்று, மறைக்கக் கூடாது என்ற செலினை மடக்கவும் பார்த்தேன்.

“பொய் சொன்னாத்தாங்க சார் வீணாப் போவும்” என்றார். என் பேனாவை வாங்கிக் கட்டுரையின் தலைப்பில் இருந்த தன் பெயரை அடித்தார். மறுநாளும் வழக்கம்போல வேலைக்கு வந்தார். ஆய்வகத்தில் யாரிடமும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனுஷி.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இப்போது கடிதம் அனுப்பிவிட்டேன். நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். உட்காரச் சொன்னார், முடியவில்லை. நின்றபடியே, தப்பு என்னுடையது என்றேன்.

“தெரியுங்க. அந்தம்மா அப்பவே எங்க வூட்டுக்கு வந்து சொல்லி அழுதாங்க. சாரும் ஒருநாள் வருவாரு, வந்தா ஒண்ணும் கேட்றாதீங்கன்னாங்க.”

நான் வருவேன் என்று செலின் நம்பியிருக்கிறார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நம்பிக்கைதான். அவர் உயிரோடு இருந்தபோதே நான் போயிருக்க வேண்டும்.