திருமுடிவாக்கத்து வேலியில் சிறுபூனைக்காலி

2006 அக்டோபர், ஒரு ஞாயிறு காலை ஏழரைக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். செடிகொடிப் பித்துள்ள எனக்கு முந்தின நாள் நண்பர் சலீம் போன் செய்திருந்தார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவருக்கு லேத் பட்டறை, பின்னாலேயே வீடு. வேலியில் படர்ந்த ஏதோ கொடியின் பழத்தைத் தின்றுவிட்டாராம். "விஷக்கொடின்னு மும்தாஜ் நாளைக்கு வெட்டப்போறா சார். நீங்க வந்து இன்னதுன்னு சொன்னாத்தான் விடுவா" என்றார். பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்கிறது என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பல்லாவரத்திலிருந்து ஷேர் ஆட்டோ, பத்து ரூபாய்.

"கம்பெனி லீவாச்சே, அங்க இன்னா சார் வேல?" என்றார் டிரைவர்.

"தாம்பரத்துலேர்ந்து வர்றேன், ஒரு பூவைப் பார்க்கணும்."

"பூவா? அத்தப் பாக்கவா தாம்பரத்துலேர்ந்து வந்துகினு கீறீங்க?" சிரித்தார். ஆனால் மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் பூ என்று தெரிந்ததும் பம்மலையும் அனகாபுத்தூரையும் பறந்து தாண்டினார்.

எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பூ விரிந்திருந்தது. வெள்ளை இதழ், நடுவே ஊதா இழைகள். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. மஞ்சள் பழம் ஒவ்வொன்றும் பிசுபிசுத்த பச்சை வலைக்குள் இருந்தது. இலையைக் கசக்கினேன், நாற்றம் குடலைப் பிடுங்கியது. சந்தேகமே இல்லை, சிறுபூனைக்காலி.

சலீமின் மனைவி மும்தாஜ் அரிவாளோடு நின்றிருந்தார். பேரைச் சொல்லி, அமெரிக்கப் பாலைப் புல்வெளிகளில்கூட இந்த இனம் வளர்கிறது, பூர்வீகம் அந்தப் பக்கம்தான் என்றேன்.

"அவ்ளோ தூரம் வந்ததுக்கு எங்க வேலிதான் கெடச்சுதா?"

"காயைத் தொடக்கூடாதும்மா, அது விஷம். நல்லாப் பழுத்ததைத் தின்னலாம்."

"பேரு யாரு வேணா சொல்லலாம்ணா. நீங்க ஒண்ணு தின்னுங்க, பாப்போம்."

"நான்தான் தின்னு நல்லா இருக்கேனே" என்றார் சலீம்.

"உங்களுக்குக் கல்லத் தின்னாலும் செரிக்கும்."

இத்தனை வருடம் புத்தகத்தில் பார்த்ததுதான், வாயில் வைத்ததில்லை. இன்னொரு முறை இலையை முகர்ந்து, வலையைப் பிரித்து, நன்றாகப் பழுத்த ஒன்றை வாயில் போட்டேன். இனித்தது. மும்தாஜ் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்து, டீ கொடுத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மணிக்குப் பூக்கள் மூடத் தொடங்கின. நானும் கிளம்பினேன். தாம்பரத்தில் என் பேச்சை நம்பி என் மனைவி ஒரு கீரைக்கட்டுகூட வாங்கியதில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். மும்தாஜ் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, வேலியோரம் நின்று ஒரு பழத்தைத் தின்றுகொண்டிருந்தார்.