கடலுக்கு முதுகு காட்டிய கோவில்

ஆபீஸில் அவளுக்குக் கல்லக்கா என்று பெயர். பழங்காலக் கிரேக்கத் தீவு ஒன்றில் நடக்கும் வீடியோ கேமுக்குக் கோவில் கட்டுவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கம்ப்யூட்டரில் கல் செதுக்குகிறாள். தூணில் மழைநீர் வழிந்த கறைகூட அவள் கைப்பட்டதுதான். அதே ஹாலில் மூன்று மேசை தள்ளி அவள் வீட்டுக்காரர். அவருக்கு அதே கேமின் கடலைச் செய்யும் வேலை.

அந்தக் கடல்தான் வினை. வந்தவர் போனவர் எல்லாரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று வாய் பிளந்தார்கள். கல்லைப் பார்த்து யார் வாய் பிளப்பார்கள்? வீட்டிலும் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னைக்கு என் அலையைப் பார்த்து மேலாளரே அசந்துட்டார்" என்பார். அவளுக்கு வயிறு எரியும்.

அதனால் யாரிடமும் மூச்சுவிடாமல் கோவில் வாசலை மலைப் பக்கம் வைத்தாள். தன் படியில் நின்றுகொண்டு ஒருத்தரும் அந்தக் கடலைப் பார்த்து உருகக் கூடாது.

அது அவள் தலையிலேயே விடிந்தது. விளையாடிப் பார்க்க வந்தவர்கள் படகிலிருந்து இறங்கினார்கள், வாசலைக் காணோம். பின்சுவரைப் பிடித்துக் கூரைமேல் ஏறி, கடலை ரசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் இழைத்து இழைத்துச் செய்த கருவறையை, தேவி சிலையை, ஒரு ஈ காக்காகூட எட்டிப் பார்க்கவில்லை.

மேலாளர் வந்தார். "உள்ள யாருமே போகலையே அக்கா. அறையை எடுத்துட்டு வெறும் சுவரா விட்டுடலாமா? வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிடுவோம்."

அன்று வீட்டுக்காரர் சொன்னார்: "வாசலை என் பக்கம் திருப்பேன். என் கடல் என்ன கடிக்கவா போகுது?"

"உங்களுக்கு வர்ற கூட்டம் பத்தலையாக்கும்?"

"சிலையைக் காப்பாத்தப் போறியா, வீம்பைக் காப்பாத்தப் போறியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். வெள்ளிக்கிழமை விளையாட வந்த பெண் நேராகப் படியேறி உள்ளே போய்ச் சிலையை அண்ணாந்து பார்த்தாள். "அறை இருக்கட்டும்" என்றார் மேலாளர். கல்லக்காவுக்குப் போன உயிர் திரும்பியது.

அப்போது அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பினாள். "ஐயோ, இங்கேருந்து கடலைப் பாருங்களேன்!"

மூன்று மேசை தள்ளி ஒருவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

திங்கட்கிழமை கோவில் வாசலில் தரை தொடக் கனத்த திரை தொங்கியது.

"இது என்ன புதுசா?" என்றார் வீட்டுக்காரர்.

"காத்து. உள்ள விளக்கு அணைஞ்சிடும்."

"கம்ப்யூட்டர் விளக்கு காத்துக்கு எப்படிம்மா அணையும்?"

"அதெல்லாம் அணையும்" என்று திரையின் மடிப்பை இன்னும் கொஞ்சம் நெருக்கினாள்.