உப்புப் பார்க்க வருகிறவர்கள்

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். ஆனால் கையில் அள்ளிப் பார்த்தே பருப்பின் தரம் சொல்கிற ஆள் கேளம்பாக்கத்தில் சுப்பிரமணி ஒருவன்தான் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூட்டை தூக்கி ஆரம்பித்தவனுக்கு இன்றைக்கு மூன்று ஷட்டர் மளிகைக் கடை. என்னைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. இருந்தாலும் இந்தத் தடவை ஜாய்ஸைப் பற்றி எழுதுகிறேன். என் வாயை அடைத்த ஒரே மனுஷி அவள்தான்.

என் கடை வாடிக்கைக்காரி ஜாய்ஸுக்கு ஓ.எம்.ஆர். ரோட்டு அடுக்குமாடி ஒன்றில் துப்புரவு மேற்பார்வை வேலை. வீடு நெம்மேலிப் பக்கம் ஒரு காலனியில். அந்தத் தெருவில் பிள்ளைகள் மறைமலைநகர் கம்பெனிகளுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார்கள். மிச்சம் இருப்பது வயசானவர்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பதால் அவர்களுக்கு மத்தியானச் சோறு ஆக்கிப் போடுவாள்.

ஆக்கிப் போடுவாள் என்று எழுதியது தெரிந்தால் சண்டைக்கு வருவாள். அங்கே யாரும் யாருக்கும் சோறு போடுவதில்லை. சாம்பார் கொதிக்கும்போது வீடு வீடாகப் போய் நிற்பாள்.

"மேஸ்திரி, உப்பு சரியா கீதான்னு தெரில. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

மேஸ்திரி என்றால் ராமதாஸ். பாதித் தெருவுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார். இப்போது கை நடுங்குகிறது, வீறாப்பு நடுங்கவில்லை. சலித்துக்கொண்டே எழுந்து வருவார். உப்புப் பார்ப்பது என்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்குவதல்ல. இலை போட்டு, சாம்பார், ரசம், மோர் வரைக்கும் பார்ப்பது. தெருவே அப்படித்தான் பார்த்துவந்தது.

பசியையும் வறுமையையும் ஒழிக்கப் பாடுபடுகிறவர்களுக்குத் தலைமைப் பயிற்சி ஃபெல்லோஷிப் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜாய்ஸை விண்ணப்பம் போடவைத்தது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்தது அது. ஒரு வருஷம் மாதாமாதம் பணம் வரும். பயிற்சி மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த விடுதியில். பசியைப் பற்றிப் பேச மூன்று வேளையும் பஃபே. ஜாய்ஸுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அது கிடைத்தால் துப்புரவு வேலையை விட்டுவிட்டுத் தினமும் உலை வைக்கலாம், அவ்வளவுதான் அவள் கணக்கு.

நேரில் பார்த்துப் போக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபெல்லோஷிப் கமிட்டியிலிருந்து மேடம் ஒருவர் டேப்லெட்டோடு வந்தார். வழிகாட்ட நானும் கூடவே நடந்தேன். முதலில் ராமதாஸ் வீடு.

"ஐயா, காலையில சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. இட்லி, வடகறி." அன்றைக்கு அவர் வயிற்றுக்குள் போனது நான் வாங்கிக்கொடுத்த டீ மட்டும்தான்.

"ஜாய்ஸ் உங்களுக்கு இலவசமா சாப்பாடு தர்றாங்களாமே?"

"நான் இன்னா ஏந்திகினு நிக்கறனா? அந்தப் பொண்ணுக்கு ஒரு நாளும் உப்பு போட வராது. பாவமேன்னு போய்ப் பாத்துச் சொல்லிட்டு வர்றேன்."

எல்லா வீட்டிலும் ஆச்சு, ஆச்சு. ஒரு வீட்டில் வஞ்சிர மீன் குழம்பு என்றுகூடச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே வந்தால் இந்தத் தெருக்காரர்களிடம்தான் நாங்கள் நிதி உதவி கேட்டுப் போக வேண்டும் போல ஆகிவிட்டது.

ஜாய்ஸ் வீட்டு வாசலில் பந்தி உட்கார்ந்திருந்தது. இலையில் சோறு விழுந்தாயிற்று.

"ஜாய்ஸ், இதுல பயனாளிகள் யாருன்னு கையத் தூக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு போட்டோ. இல்லன்னா கமிட்டிகிட்ட நான் என்ன சொல்றது?" மேடம் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

ராமதாஸின் கை சோற்றின்மேல் அப்படியே நின்றது. பந்தி முழுக்க ஒரு கையும் அசையவில்லை. நான் ஜாய்ஸின் காதருகே போய், "ஒரு வார்த்த சொல்லு பொண்ணே, தெனமும் ஒல வெக்கலாம்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"பயனாளின்னு யாரும் இல்ல மேடம். இவங்கள்லாம் உப்பு பாக்க வந்தவங்க."

ராமதாஸ் சோற்றைப் பிசைந்தார். "கம்மியா கீது" என்றார்.

மேடத்தையும் ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னோம். ஆச்சு என்றார். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, கூடவே நடந்தவன் நான்.

ஃபெல்லோஷிப் வேறு யாருக்கோ போனது. அவர் அனுப்பிய போட்டோக்கள் பிரமாதமாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜாய்ஸிடம் போய்க் கத்தினேன்.

"போட்டோ புடிச்சிருந்தா அடுத்த வாரம் யாரு வந்திருப்பாங்க அண்ணாத்த?" என்றாள். "தெனமும் ஆக்கி, நானே துன்னுகினு குந்தியிருக்கணும்."

நான் வந்த வழியே கடைக்குத் திரும்பினேன்.

அடுத்து வந்த புதன்கிழமை சாயங்காலம் ராமதாஸ் ஒரு துணிப்பையோடு அவள் வாசலில் நின்றாராம். "ரேஷன் அரிசி நாத்தம் அடிக்குது, என்னால துன்ன முடியல. நீ ஆக்கிப் பாரு. ஞாயித்துக்கெழம மட்டும் போட்டா உனுக்கு எந்தக் காலத்துல உப்பு புடிபடும்?" வெள்ளிக்கிழமை வேறொரு வீட்டு அரிசியிலும் நாற்றம். இப்போது தெருவில் எல்லார் ரேஷன் அரிசியும் முறை வைத்து நாறுகிறது. ஜாய்ஸ் வேலை முடிந்து வந்து தினமும் உலை வைக்கிறாள்.

அரிசி சேர்ந்தது, பருப்பு இல்லை. நான் ஒரு மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தர்மம் என்று சொன்னால் இறக்க விடமாட்டார்கள். அதனால் எல்லார் எதிரிலும் சொன்னேன்: "வண்டு புடிச்சிகினு கீது. கொட்றதுக்கு எடம் இல்ல, இங்க போட்டுட்டுப் போறேன்."

ராமதாஸ் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். "உன் கடப் பருப்பு என்னைக்கி நல்லா இருந்துச்சி சுப்பிரமணி?"

மூட்டை தூக்கிய காலத்திலிருந்து சம்பாதித்த பெயர். வாயை மூடிக்கொண்டு நின்றேன். மாதாமாதம் ஒரு மூட்டையை இறக்கிவிட்டு அப்படியே நிற்கிறேன். அந்தப் பக்கம் இப்போது என் கடைக்கு வண்டுக் கடை என்றே பெயர். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்: அது முதல் தரத் துவரை, ஒரு வண்டு கிடையாது. சந்தேகம் இருந்தால் கடைக்கு வந்து அள்ளிப் பாருங்கள். ராமதாஸிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.