ஆள் விழுந்தால் மகள் வருவாள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் அவனியாபுரத்துத் தெருவில் கறிக்கடைக்குப் போகிற ஆட்கள்தான் எழுந்திருப்பார்கள். போன ஆவணியிலிருந்து எங்கள் வீட்டு டிவியும் அந்த நேரத்தில் அலற ஆரம்பித்தது. அமெரிக்காவில் அப்போது சனிக்கிழமை ராத்திரி, காலேஜ் ஃபுட்பால். பெயர்தான் ஃபுட்பால், காலால் உதைப்பது அபூர்வம். கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுகிறான், நாலு பேர் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. எனக்குப் புரிந்தது இம்புட்டுத்தான். இதுக்கு மேல் புரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? லேத் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் நான்.

நாங்கள் பார்த்தது ஆட்டத்தை இல்லை, எங்கள் மகளை. இங்கே பிசியோதெரபி முடித்துவிட்டு, விளையாட்டில் அடிபடுகிறவர்களைக் கவனிக்கிற மேல்படிப்புக்குப் போனவள். இரண்டாம் வருஷம் அவளை யுனிவர்சிட்டி டீமோடு சேர்த்துவிட்டார்கள். பையன்களுக்குக் கணுக்காலில் டேப் சுற்ற வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், எவனாவது அடிபட்டு விழுந்தால் பெரிய டிரெய்னருக்குப் பின்னால் மருந்துப் பையோடு ஓட வேண்டும். "டிவில என்னையத் தேடிக்கிட்டு இருக்காதீங்கப்பா, ஆள் விழுந்தாத்தான் நான் தெரிவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னது. என் மனைவி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. மகள் போய் ஒன்றரை வருஷம். நடுவில் என் மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இல்லாமல், நான் கஞ்சி வைக்கிறேன் என்று அடிப்பிடிக்க வைத்து, அவள் படுத்த படுக்கையில் எனக்குச் சமையல் சொல்லிக்கொடுத்து... சரி, அதை விடுங்கள். மகள் போனில் தினமும்தான் பேசுகிறாள். ஆனாலும் பிள்ளை போனில் பேசுவது வேறு. பார்க்கிறோம் என்று தெரியாமல் அது பாட்டுக்கு வேலை செய்வதைப் பார்ப்பது வேறு. அதற்காகத்தான் அந்த ஆட்டம் காட்டுகிற ஆப்புக்குச் சந்தா கட்டினேன்.

ஆக, ஒவ்வொரு ஞாயிறும் இவள் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு யாராவது விழ வேண்டும் என்று காத்திருப்பாள். எவனாவது முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டால் போதும். "அந்தா பிள்ளை வாரா!" என்று குதித்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். கூட்டத்தில் நீலச் சட்டை போட்ட குட்டையான உருவம் ஒன்று ஓடிவரும். "பிள்ளை எளைச்சுட்டாங்க" என்பாள். அடிபட்டவன் நொண்டிக்கொண்டு வெளியே போனதும் மகளும் மறைந்துவிடுவாள், இவள் முகம் வாடிப்போகும். எனக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அடியே, அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே என்று ஒருநாள் கேட்டேன். அவங்க ஊரு பிள்ளைக எந்திரிச்சிரும்ங்க என்றாள். எந்திரிக்கவும் செய்தார்கள்.

சீசன் முடிந்ததும் கிளம்பி வந்துவிடுவேன், பொங்கலுக்கு வீட்டில் இருப்பேன் என்று மகள் சொல்லியிருந்தாள். சீசன் எப்போது முடியும் என்பது அவள் கையிலா இருக்கிறது? கடைசியில் பிளேஆஃப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு டீம். ஜெயித்தால் அடுத்த ரவுண்டு, தோற்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். பைனலோ பொங்கல் கழிந்து. அதுவரை போய்விட்டால் வகுப்பு தொடங்கிவிடும், அப்புறம் வைகாசி மாசம்தான் லீவு. அந்தப் பன்னிரண்டு டீம் எது என்று முடிவுசெய்வது ஒரு கமிட்டி. ரூமுக்குள் உட்கார்ந்து, இவன் தோற்றாலும் பலசாலி, அவன் ஜெயித்தாலும் சோப்ளாங்கி என்று பேசி, வாராவாரம் வரிசை போட்டு டிவியில் வாசிக்கிறார்கள். சுத்தமான ஊர்ப் பஞ்சாயத்து. புதன்கிழமை காலையில் தோசைக் கரண்டியோடு வந்து "கமிட்டி என்னங்க சொல்லுச்சு?" என்று கேட்பாள் என் மனைவி. மகளுடைய டீம் இரண்டு ஆட்டம் தோற்றிருந்தது. தள்ளிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

தள்ளவில்லை. பதினோராவது இடம் கொடுத்துவிட்டார்கள். வீடியோ காலில் மகள் குதித்த குதியில் போனே ஆடியது. அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு நெடிய கறுப்புப் பையன் முகத்தை நீட்டி, "வணக்கம்மா" என்றான். மகள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள் செய்கிற எலுமிச்சம்பழச் சோற்றுக்கு அவன் அடிமையாம். அந்த டீமில் ஆடுகிறவன், சட்டை நம்பரை வைத்து டிவியிலும் அவனைக் கண்டுபிடித்து என் மனைவி எப்போதும் வணக்கத் தம்பி என்பாள். அன்றைக்கு அவனுக்கும் ஒரு கும்பிடு போட்டு, மகளிடம் சந்தோசம்டா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் பாண்டி முனி கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். பைக்கில் திரும்பும்போது தெப்பக்குளம் சிக்னலில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "அந்த டீம் தோத்துட்டா ஒரு கெடா வெட்டுறேன்னு வேண்டிக்கிட்டேன்." நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் எவளாவது தோற்பதற்கு நேர்ந்துகொள்வாளா? முதல் ரவுண்டில் அவர்கள் ஜெயித்தபோது, பாண்டி முனிக்கு அமெரிக்கா தூரமாகப் போச்சு போல என்று கிண்டல் வேறு செய்தேன். மத்தியானம் வரை என்னோடு பேசவில்லை.

புத்தாண்டுக்கு மறுநாள் காலை கால்இறுதி. கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது, மகளுடைய டீம் கொஞ்சம் முன்னால் இருந்தது. ஒருத்தன் பந்தை வாங்கித் தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தான். விழுந்தான். மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவன் எழவில்லை.

"அந்தா பிள்ளை வாரா!" என்றாள் என் மனைவி. வழக்கமான அதே சந்தோஷம், அதே குரல்.

அப்புறம்தான் சட்டை நம்பரைப் பார்த்தோம். வணக்கத் தம்பி. கை கால் எதுவும் அசையவில்லை. பெரிய டிரெய்னர் அவன் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். மகள் மண்டியிட்டு அவன் ஹெல்மெட்டின் முன்கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு டீம் பையன்களும் சுற்றிலும் முட்டி போட்டார்கள். கேமரா கூட்டத்தில் ஒரு பெண்ணைக் காட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவனுடைய அம்மா. உடனே படத்தை வெட்டிவிட்டு, சற்று நேரத்தில் திரும்புவோம் என்று ஒரு அட்டையைப் போட்டார்கள். கூடவே கல்யாண வீட்டு மியூசிக் மாதிரி ஒரு குத்து. அது திரும்பத் திரும்ப ஓடியது. இவள் டிவிக்கு முன்னால் அப்படியே நின்றாள்.

அந்த டீம் தோற்றுப்போனது. அதற்குப் பிறகு எவனுக்கு ஆட மனசு வரும்?

கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் ஆகிவிட்டது, கை அசைகிறது, கால் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது. மகள் போனில் சொன்னது இவ்வளவுதான். என் மனைவி சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தாள். "அந்தம்மா என்னையவே பாத்துச்சுங்க" என்றாள் ஒருநாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. மாடு மாதிரி முட்டிக்கொள்கிற ஆட்டத்தில் கழுத்து ஒடியாமல் என்ன செய்யும், பாண்டி முனி விசா எடுத்துப் போய் அவனைத் தள்ளிவிட்டாரா என்று கத்தினேன். அவளுக்கு வேறு சிக்கல். கிடாயை வெட்டினால் இதைத்தான் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வெட்டாமல் விட்டால் சாமி கோபம் பிள்ளைமேல் விழும். இதற்குள் மாட்டிக்கொண்டு கிடந்தாள். என் பேச்சு எதுவும் உள்ளே போகவில்லை.

போகியன்று மகள் வந்து இறங்கினாள். ஏர்போர்ட் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், ஆனாலும் இவள் வரவில்லை, வேலை கிடக்கிறது என்றுவிட்டாள். ஒன்றரை வருஷம் ஏங்கியவள், வந்த பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துப் பரிமாறினாள். மகளும் அதைக் கேட்கவில்லை. வந்ததிலிருந்து அவளும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பொங்கலன்று எங்கள் ஊர் ஜல்லிக்கட்டு. மைக் சத்தம் வீட்டுக்குள் கேட்டது, டிவியிலும் அதுதான். ஒரு காளை ஒருத்தனைத் தூக்கி எறிந்தது. மகள் சட்டென்று எழுந்து டிவியை நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. பொங்கல் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். ஆள் விழக் காத்திருந்தது, தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டது, அவன் விழுந்தபோது குதித்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. மகள் இனி எங்களோடு பேசமாட்டாள் என்றே நான் நினைத்தேன்.

 "நானும் அதத்தாம்மா நெனச்சேன்" என்றாள் மகள். "தோத்துட்டா ஊருக்குப் போயிரலாம்னு. அன்னைக்கு அவன் கால்ல டேப் சுத்திக்கிட்டே நெனச்சேன். அவன் எங்கிட்ட, ஜெயிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனான்."

எனக்குச் சொல்ல எல்லாம் தயாராக இருந்தது. நினைப்புக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம், இரண்டு பேரும் பைத்தியமா என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் என் மனைவி எழுந்துபோய் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாகக் குரல் நடுங்காமல் பேசினாள்.

"நீ மனசுல நெனச்ச. அது எந்தச் சாமிக்கும் கேக்காது. நான் கோயில் வாசல்ல நின்னு, கெடா பேசி, வாய்விட்டுக் கேட்டேன். எனக்குத்தான் குடுத்துச்சு. இது முழுசும் என்னோடது தாயி, உனக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

மகள் உடைந்து அழுதாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.