வலைச்சாயச் சட்டை

அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே அம்மா அவன் துணிகளையெல்லாம் வாரி எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். வேட்டி, துண்டு, கோயிலுக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டை, எல்லாவற்றையும் அடித்துத் துவைத்தாள். அழுதுகொண்டே துவைத்தாள். டீம் சட்டை மட்டும் அவள் கைக்குக் கிடைக்கவில்லை. நான் அதற்கு முன்னாலேயே ஆணியிலிருந்து எடுத்து, காலியாகக் கிடந்த அரிசிப் பானைக்குள் திணித்து மூடிவிட்டிருந்தேன்.

அது அவன் கடைசியாக விளையாடியபோது போட்டிருந்த சட்டை. துவைக்காதது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மூடியைத் திறந்து முகத்தை உள்ளே வைப்பேன். கழுத்துப் பக்கத்தில் அவன் வேர்வை இருக்கும். அண்ணனே இருப்பது போல இருக்கும். உடனே மூடிவிடுவேன், ரொம்ப நேரம் திறந்துவைத்தால் வாசனை தீர்ந்துபோகும் என்ற பயத்தில். அந்த வாசனை போகக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

அந்தச் சட்டைக்கு ஏன் அந்த நிறம் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் குப்பம் மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது. குப்பத்துப் பையன்களும் ராயப்பேட்டைப் பையன்களும் சாயங்காலத்தில் மணலில் பந்து உதைத்து உதைத்து ஒரு டீம் ஆனார்கள். ராயப்பேட்டையில் புத்தகம் பைண்டு பண்ணுகிற ஒரு பாய்தான் கேப்டன். அவர் அலைந்து திரிந்து டீமைப் பந்தாட்டச் சங்கத்தில் சேர்த்து, கடைசி டிவிசனில் இடம் வாங்கினார். முதல் மேட்சில் ஆளுக்கொரு கலரில் போய் நின்றார்கள். ரெஃபரி கண்டபடி திட்டிவிட்டு, அடுத்த தடவை பதினோரு பேரும் ஒரே நிறத்தில் வராவிட்டால் மைதானத்துக்குள் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். துணிக்கெல்லாம் ரேஷன் கார்டு.

பாய் எங்கள் வீட்டு வாசலில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

"இன்னா பாய், கப்பல் முழுவிப்போன மாரி குந்திக்கினு கீறே?" என்றான் அண்ணன்.

"கார்டுக்குக் குடுக்குற துணியில கோல் காக்குற கோலிக்குக் கோமணம்கூட வராதுப்பா. பதினோரு சட்டைக்கு நான் எங்க போவேன்?"

வாசலுக்கு எதிரே அப்பா வலையைச் சாயத்தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். அப்பாவை நாங்கள் நைனா என்போம். எங்கள் வலையெல்லாம் பருத்தி நூல். உப்புத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் இற்றுப்போகும். அதனால் கருவேலம்பட்டையை இடித்துக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரில் அடிக்கடி வலையை முக்கிக் காயப்போடுவார்கள். முதல் தடவை முக்கினால் வெளுத்த டீத்தண்ணி மாதிரிதான் இருக்கும். முக்கி முக்கி, வெயில் பட்டு, உப்புப் பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழம்புளி நிறத்துக்கு வரும். ஒரே நாளில் எத்தனை தடவை முக்கினாலும் அந்த நிறம் ஏறாது.

அண்ணன் தொட்டியையே பார்த்தான். "பாய், ஆளுக்கு ஒரு பழைய வெள்ளைச் சட்டை கீதில்ல? எல்லாத்தையும் இதுல முக்கிட்டா இன்னா?"

"டேய், இது வலை முக்குற தொட்டி. சாயப்பட்டறன்னு நெனச்சியா?" என்றார் நைனா.

ஆனாலும் முக்கினார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மேட்ச் முடிந்தால் சட்டைகள் நேராக எங்கள் தொட்டிக்கு வரும். தொட்டிப் பக்கம் யார் நிற்கிறார்களோ அவர்கள் முக்கி, வலை காயப்போடுகிற கம்பில் போடுவார்கள். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கிழிசல் தைக்கிற வேலை தங்கையான எனக்கு.

மழையில் ஆடினால் சாயம் வழியும். ஒருமுறை எதிர் டீம்காரர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் எங்கள் ஆட்கள் இடித்த இடங்களில் பழுப்பாகிவிட, சங்கத்தில் புகார் கொடுத்தார்கள். மாம்பலத்து ஆபீஸ்காரர்கள் டீம் ஒன்று இருந்தது. பூட்ஸ் போட்டு ஆடுவார்கள். எங்களைப் பார்த்தாலே, "கருவாட்டு டீமு வருது, மூக்கைப் பிடிச்சுக்கோங்கடா" என்பார்கள்.

பாய் சிரித்துக்கொண்டே சொல்வார்: "மூக்கப் புடிச்சிக்கினு ஓடுனா மூச்சு வாங்கும் சார். பாத்து."

எங்களிடம் பூட்ஸ் கிடையாது. வலைக்கயிறு அறுக்காமல் தோல் காய்ப்பேற வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கையையும் காலையும் சாயத்தில் ஊறவைப்பார்கள். அண்ணன் டீம் முழுவதையும் தொட்டிக்குள் வரிசையாக நிற்கவைத்தான். பாய்கூட லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லார் பாதமும் பழுப்பாகித் தோல் மாதிரி இறுகிவிட்டது. "பூட்ஸு இன்னாத்துக்கு? நம்முளுது கழட்டவே வாணாம்" என்று அண்ணன் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுவான்.

இரண்டாம் வருசம் டீம் பட்டியலில் மேலே வந்தது. அண்ணன்தான் லெஃப்ட் அவுட், இடது ஓரத்து ஆட்டக்காரன். கோட்டோரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு அவன் ஓடினால் குப்பமே கூட ஓடும். பாய் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒரு பன் வந்தது. அது நன்றாக இருந்த வருசம்.

அதற்கடுத்த வருசம் எல்லாம் உதிர்ந்துபோனது. இரண்டு பேர் பட்டாளத்துக்குப் போனார்கள். குண்டு விழும் என்ற பயத்தில் பெண்டாட்டி ஊருக்குப் போன கோலி திரும்பவே இல்லை. தோற்றார்கள், மறுபடியும் தோற்றார்கள். கடைசி இடத்தில் நிற்கிற டீமின் பேரைச் சங்கத்தில் அடித்துவிடுவார்கள். இரண்டு மேட்ச் பாக்கி இருக்கும்போது நாங்கள்தான் கடைசி.

அதில் முதல் மேட்ச் மாம்பலத்தில், அந்த ஆபீஸ்காரர்களோடு. நான் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு மரத்தடியில் நின்று பார்த்தேன். அந்த மைதானத்தில் பகலெல்லாம் ஜட்கா குதிரைகள் மேயும். பாதி ஆட்டத்தில் அண்ணன் நின்றான். குனிந்து பாதத்திலிருந்து ஒரு லாட ஆணியைப் பிடுங்கி வெளியே எறிந்தான். பிறகு ஓடினான். நொண்டிக்கொண்டே ஓடிப்போய்த்தான் அந்த கோலைப் போட்டான். ஜெயித்தோம்.

மற்றவர்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனபிறகு மெதுவாக வீட்டுக்கு வந்தான். கழற்றக்கூடத் தெம்பில்லை. சட்டையோடேயே உட்கார்ந்து காலை மட்டும் தொட்டியில் விட்டான்.

"இன்னாடா கால்ல?" என்றாள் அம்மா.

"லாட ஆணிம்மா. புடுங்கிப் போட்டேன். பட்டைத் தண்ணி பட்டா இறுகிக்கும்."

இறுகித்தான் போனது. மறுநாளே காயத்தின் வாய் கறுத்து மூடிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். வலையறுத்த காயத்துக்கெல்லாம் அதுதான் எங்கள் வைத்தியம். மூடின காயத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

சில நாள் கழித்துக் கஞ்சி குடிக்கும்போது, "தாடை புடிச்சிக்கினு கீது" என்றான்.

"ரெஃபரியாண்ட வாயாடுனா அப்பிடித்தான்" என்றேன். அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் காலைத்தான் பார்த்தார். ஆணி விசம் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்றார். சத்தம் கேட்டால், வெளிச்சம் பட்டால் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. அதனால் இருட்டாக்கி வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அழக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அழாமல் உட்கார்ந்திருந்தோம். அதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

கடைசி மேட்சுக்கு முந்தின நாள் பாய் வந்தார். நைனா கடலுக்குப் போயிருந்தார். அம்மா வாசலில் இருந்தாள், நான் உள்ளே. பாய் கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"யம்மா, கோச்சிக்காதீங்க. கேக்கவே நாக்கு எழல" என்றார்.

"சொல்லு பாய்."

"புதுசா ஒரு பையனச் சேத்துக்கீறோம். தையக்கடைப் பையன். அவனுக்குன்னு ஒரு சட்டைய முக்கினோம். நீங்களே பாருங்க." பிரித்துக் காட்டினார். வெளுத்த டீத்தண்ணி நிறம். "ஏழெட்டு வாட்டி முக்கிட்டோம்மா, ஏறல. ரெஃபரி மொதல்ல திட்டுன அதே ஆளு, உள்ள வுட மாட்டான். டிரா ஆனாப் போதும், பேரு நிக்கும். உங்க புள்ள சட்டை இருந்தா..."

"நானும் தேடாத எடம் இல்ல பாய்," என்றாள் அம்மா. "அது ஆஸ்பத்திரியிலயே போயிட்டாப்ல கீது."

நான் பானையின் மேல் கை வைத்தபடி நின்றேன். பேசாமல் இருந்தால் போதும். யாருக்கும் தெரியாது.

"சரிம்மா, வுடுங்க. பத்து பேரா ஆடிக்கிறோம். அவரு இருந்த எடத்த அப்பிடியே காலியா வுட்டு ஆடுறோம்" என்று பாய் எழுந்தார். வாசற்படிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் பாதம் தெரிந்தது. பழுப்பேறின பாதம். சவப்பெட்டியில் வைத்தபோது அண்ணன் பாதமும் அதே நிறம்தான். அம்மா எவ்வளவோ தேய்த்துக் கழுவியும் அது போகவில்லை.

நான் மூடியைத் திறந்தேன்.

சட்டையோடு வெளியே வந்ததும் அம்மா அதைப் பிடுங்கினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அதை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாவி, எனக்குக் காட்டலியேடி நீ" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். பிறகு பாயிடம் நீட்டினாள். "தண்ணி காட்டாதே. தொட்டியிலயும் போடாதே. ஆடிட்டு அப்பிடியே கொண்டாந்து குடுத்துடு."

"என் கையாலயே கொண்டாந்து தரேம்மா. அல்லா மேல ஆணை."

மறுநாள் மாம்பலத்தில் மீனை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடினேன். பையன் ஒல்லி. சட்டை அவன் மேல் தொங்கியது. ஆனால் ஒரு தடவை கோட்டோரமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு அவன் அந்தக் கோடிக்கு ஓடினபோது, பின்னாலிருந்து பார்த்தால் அண்ணனேதான். "அண்ணாத்தே" என்று வாய் கூப்பிட்டுவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. டீம் பிழைத்தது. பையன்கள் பாயைத் தூக்கப் பார்த்தார்கள். சங்கத்துக்காரர்கள் கையெழுத்து வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அதற்குள் பையன்கள் சட்டைகளைக் கழற்றி மூட்டையாகக் கட்டிக்கொண்டு, ஒரே ஜட்காவில் தொற்றிக்கொண்டு கத்திக்கொண்டே போய்விட்டார்கள். நான் நடந்தேன். அவன் வாசனையோடு அந்தப் பையனின் வேர்வையும் கலந்திருக்கும், பரவாயில்லை, பழகிவிட்டால் பிரித்துத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

குப்பத்துக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வலைக் கம்பில் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

நைனா தொட்டியருகே முழங்கை வரைக்கும் சாயத்தோடு நின்றிருந்தார். அண்ணன் உயிரோடு இருந்தவரை ஒரு மேட்சுக்கும் போகாதவர். பந்தாட்டம் சோறு போடுமா என்று சண்டை பிடித்தவர். கடலிலிருந்து அவர் கரையேறின கையோடு பையன்கள் மூட்டையை அவரிடம் போட்டிருக்கிறார்கள். அண்ணன் சட்டையை முக்கக்கூடாது என்று அவரிடம் அம்மாவும் சொல்லியிருக்கவில்லை, நானும் சொல்லியிருக்கவில்லை.

"டிராவாமே" என்றார்.

"ஆமா நைனா."

"அவன் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்க." கையைத் தொட்டி விளிம்பில் வழித்தார். "புதுப் பட்டை இடிச்சுப் போட்டேன். மூட்டையில அவன் சட்டையும் இருந்துச்சு. உன் தையலப் பாத்துக் கண்டுபுடிச்சேன். அத்த மட்டும் ரெண்டு தபா முக்குனேன். நல்லா ஏறட்டும்னு."

அக்குளில் நான் போட்ட தையலைத் தேடிப் போனேன். மூன்றாவதாகத் தொங்கியது. மற்றவற்றைவிடக் கறுப்பாக இருந்தது. கழுத்துப் பக்கத்தைப் பிடித்து முகத்தில் வைத்தேன். பட்டை வாசனை. திருப்பி உள்பக்கம் வைத்தேன். சூடாக இருந்தது, பட்டை வாசனைதான்.

சந்து முனையில் பாய் ஓடிவந்து நின்றார். கம்பைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், நைனாவின் கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் அங்கேயே சுவரோரமாகக் குந்திவிட்டார்.

"இன்னா பாக்குற?" என்றார் நைனா.

"சாயம் ஏறிக்கீதான்னு பாத்தேன் நைனா."

"ஏறிக்கீதா?"

"நல்லா ஏறிக்கீது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பினார். சாயம் ஒரு பக்கமாகத் தேங்காமல் இருக்க, நான் சட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட ஆரம்பித்தேன்.