முச்சந்தியில் என் சாய்வெழுத்து

என் தங்கை கல்யாணத்துக்கு நான் தேர்ந்தெடுத்த ஆங்கில எழுத்துருவை இன்றைக்கும் யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவ்வளவு அழகு. வலப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும். இறங்கும் கோடு தடித்திருக்கும். ஏறும் கோடு தலைமுடி அளவுக்கு மெலிந்துவிடும். கோடு முடிகிற இடத்தில் கூராக ஒரு சின்னப் பாதம். புக்கிட் காத்திலில் அச்சுக்கடை வைத்திருக்கும் எனக்கு, பேனர் பேனராகக் கொழுத்த எழுத்துகளைப் போட்டுப் போட்டு அலுத்திருந்தது. சொந்த வீட்டுக் கல்யாணத்திலாவது என் ரசனையைக் காட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

கல்யாணக் கார்டில் அது மனசை அள்ளிக்கொண்டு போனது. கையில் வாங்கியவர்கள் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நம் கல்யாணங்களில் முச்சந்திக்கு முச்சந்தி மின்கம்பத்தில் அட்டை கட்டுவோமே, மாப்பிள்ளை பெண் பெயரும் ஓர் அம்புக்குறியும் போட்டு, அதிலும் அதே எழுத்தைப் போட்டேன். சந்தன நிறத்தில் பொன் எழுத்து. அம்புக்குறியைக்கூட அதே சாயலில் மெல்லிய வளைவாக இழுத்தேன். தங்கை அதை எடுத்து, கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணா, கார்டுக்கு ஓக்கே. ரோட்டுல யாரு நின்னு படிப்பா? தடியா போடு லா."

உனக்கு என்ன தெரியும் என்று அவள் வாயை அடைத்தேன். அட்டையின் அடியில், கடைக்காரன் புத்தி, வழக்கம்போல என் கடைப் பெயரையும் போன் நம்பரையும் போட்டேன். அது மட்டும் கறுப்பில், கட்டை எழுத்தில்.

கல்யாணம் செலண்டார் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கும் மாரியம்மன் கோவிலில். போனில் வழி போட்டால் பூட்டிக் கிடக்கும் பின்கேட்டில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் எல்லாரும் அட்டையைப் பார்த்துத்தான் வர வேண்டும். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளையும் அவர் வீட்டாரும் கிள்ளானிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

ஒன்பதேகால் ஆகியும் பஸ் வரவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் அடித்தால் லைன் போகவில்லை. தோட்டத்துக்குள் அது சகஜம்தான், ஆனாலும் நான் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் தங்கைக்கு ஒரு நிச்சயம் ஆகி, மண்டபம் பார்த்த பிறகு, அந்தப் பையன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு அவள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்ததை எல்லாம் நான் பார்த்தவன். கோவிலுக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் அவள் முழு அலங்காரத்தோடு காத்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டாள். ஹைவேயில் டிராபிக் ஜேம் என்றேன். தெரியாமலேதான் சொன்னேன்.

ஒன்பதே முக்காலுக்கு ஐயர் என்னைக் கூப்பிட்டு, பதினொன்றரைக்குத் தனக்கு வேறு கோவிலில் கல்யாணம் இருப்பதை நினைவுபடுத்தினார். அப்போது மடியில் செருகியிருந்த என் கடைப் போன் அடித்தது; அது வேறு லைன். தெரியாத நம்பர்.

"பாஸ், கம்பத்துல உங்க போர்டு இருக்கு, நம்பர் மட்டும் நல்லா தெரியுது. மேல என்னமோ குச்சி குச்சியா சாஞ்சு நிக்குது. மாப்பிள்ளையை பஸ்ல வச்சுக்கிட்டு சுத்துறேன். இந்தப் பக்கம் எங்கயாச்சும் கல்யாணம் நடக்குதா?"

பஸ் டிரைவர். என் அட்டைகளை அச்சுக்கடை விளம்பரம் என்று நினைத்து மூன்று முச்சந்தியைத் தாண்டிப் போயிருக்கிறார். பெரிய ரோட்டில் ஒரு சீனர் மளிகைக் கடை வாசலில் நிற்பதாகச் சொன்னார். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, மாமாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேட்டியோடு பறந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

பஸ்ஸைக் கண்டுபிடித்துத் திரும்பி வரும் வழியில் என் அட்டைகளை முதல்முறையாக வழி தேடி வருகிறவன் கண்ணால் பார்த்தேன். வெயிலில் மெல்லிய கோடுகள் ஒன்றுகூட இல்லை. தடித்த கோடுகள் மட்டும் சாய்ந்த வேலி மாதிரி நின்றன. அம்புக்குறி இருந்த இடமே தெரியவில்லை. என் கடைப் பெயரை மட்டும் ஐம்பது அடிக்கு அப்பாலிருந்தே படிக்க முடிந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பஸ்ஸுக்கு முன்னால் நான் ஓட்டி வழிகாட்டிக் கோவில் வாசலுக்கு வந்தபோது மணி பத்து பத்து. மாப்பிள்ளையை ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் மணவறைக்குப் போனார்கள். பத்து இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன்.

அடுத்து, ஓமத்தீயில் போடுவதற்காக அண்ணன் தங்கை கையில் பொரி இட வேண்டும். ஐயர் என்னை அழைத்தார். குனிந்து அவள் உள்ளங்கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. அவள் நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"நீ போன்ல பேசிட்டு பைக்கை எடுத்துக்கிட்டு ஓடுனதை ஜன்னல்ல பாத்தேன். இவரும் வேணான்னுட்டாருன்னு நெனச்சு, பூவையெல்லாம் கழட்டிட்டேன் அண்ணா."

அப்போதுதான் அவள் சடையைப் பார்த்தேன். மல்லிகைச் சரம் அவசரமாகத் திரும்பக் குத்தப்பட்டு ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தப்பு என்னுடையது, அட்டையை யாராலும் படிக்க முடியவில்லை என்று சொன்னேன்.

"பொரியப் போடு" என்றாள்.